பெனிட்டாவின் இடது தோள்

கோட்டு நடுவர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் கபடி ஆடினவர்கள். விதிப்புத்தகத்தையும் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் ஏறுகிற சரக்குப் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் துறைமுகத்தில் என் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் விசில். முழங்கால் மக்கர் பண்ணுவதால் விசிலையும் இப்போது ஆணியில் மாட்டிவிட்டேன். உங்கள் கூட்டத்தில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை. வீட்டில் சொன்னால் கேட்காததை எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாலாவது கேட்பாள் என்று ஒரு நம்பிக்கை.

என்னை இந்த வேலைக்கு இழுத்துவிட்ட மூத்த நடுவர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏலே, ஆட்டம் ஆரம்பிக்க முன்னால வண்டிய எங்க நிறுத்தணும்னு பாத்துக்க. தோக்கப் போற ஊர்க்காரன் நிக்க இடத்துக்கு எதிர்ப்பக்கமா நிறுத்து."

"எந்த ஊரு தோக்கும்னு முன்னாடியே எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"தெரியாதுல்லா. அதான் நான் நடந்தே வாரேன்."

பெரியவர்கள் ஆட்டத்துக்கு இந்தப் பாடம் போதும். பிள்ளைகள் ஆட்டத்துக்குப் போதாது. பெரியவன் பொய் சொன்னால் அவனுக்கே அது பொய் என்று தெரியும். பிள்ளைகளிடம் அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. இதை எனக்கு ஒரு திருவிழா ஆட்டத்தில் பெனிட்டா என்கிற பிள்ளை புரிய வைத்தாள்.

அதற்கு முன்னால் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களில் உள்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கடற்கரைப் பக்கம் பிள்ளைகள் ஆட்டத்தில், ரெய்டு வந்தவள் தொட்டுவிட்டுத் திரும்பினால், தொடப்பட்டவள் தானாகவே கையைத் தூக்க வேண்டும். நடுவர் கண்டுபிடிக்கட்டும் என்று நிற்கக் கூடாது. இது விதிப்புத்தகத்தில் இல்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற மாதங்களில் நடுவர் பாதி ஆட்டத்தைக் கண்ணைக் கசக்கிக்கொண்டே பார்க்கிற ஊர் இது. அதனால் வந்த பழக்கமாக இருக்கும். தொடப்பட்டதை மறைத்தால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை ஆட்டம் முடிகிற வரை வெளியே. அதற்குப் பெயர் கள்ளாட்டம். கள்ளாட்டத்தில் வெளியே போன பிள்ளையை மற்ற பிள்ளைகள் லேசில் விடமாட்டார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, "கையத் தூக்குளா" என்று ஒரு குரல் வரும்.

அன்றைக்குக் கோயில் திருவிழாவை ஒட்டிப் பெண்பிள்ளைகளின் இறுதி ஆட்டம். கோயிலுக்குப் பின்னால் மணல் தரை. சுண்ணாம்புக் கோடு போட்டால் காற்று அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், படகுக் கயிற்றை முளையடித்துக் கட்டி எல்லை போட்டிருந்தோம். கவிழ்த்துப் போட்ட வள்ளங்களின் மேல் கூட்டம். எங்கள் ஊர் அணிக்கும் திருச்செந்தூர்ப் பக்கத்து அணி ஒன்றுக்கும் ஆட்டம்.

ஆரம்பிக்கும் முன்னால் எங்கள் அணியின் டீச்சர் என்னிடம் வந்தார். கூடவே மெலிந்த ஒரு பிள்ளை. பதின்மூன்று வயது இருக்கும். இடது கை வலது கையைவிட ஒரு சுற்று சின்னது. முழங்கையில் லேசாக மடங்கி, உடம்பை ஒட்டியே நின்றது.

"சார், இது பெனிட்டா. இவ பொறக்கும்போது தோள் மாட்டிக்கிட்டு. எடுக்கும்போது கழுத்துல இருந்து கைக்குப் போற நரம்பு இழுபட்டுட்டு. கை காதுக்கு மேல போகாது. விரல் எல்லாம் நல்லா வேலை செய்யும். டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டாரு. அந்தக் கையப் பிடிச்சு மட்டும் யாரும் வெட்டி இழுத்துரக் கூடாதாம்."

என்னோடு நின்ற இன்னொரு நடுவருக்கு முகம் சுருங்கியது. "இது மல்லுக்கட்டுற ஆட்டம் டீச்சர். டாக்டர் அங்கன உக்காந்து சொல்லிருவாரு. இங்கன ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும்."

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் பெனிட்டாவைப் பார்த்தேன்.

"எங்க நிப்ப நீ?"

"இடது கார்னர் சார்."

"ஏன்?"

"சங்கிலி போடும்போது என் வலது கையத்தான் செல்வி பிடிப்பா. இடது கை ஓரத்துல சும்மா இருக்கும். அத யாரும் இழுக்க மாட்டாங்க."

"ரெய்டு வாரவ இழுத்துட்டா?"

"அவ எதுக்கு சார் என் கையப் பிடிக்கா? தொட்டுட்டு ஓடத்தான பாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு யோசித்து நிற்கிற பிள்ளையை எந்தப் புத்தகத்தைக் காட்டி வெளியே உட்கார வைப்பது? இரண்டு அணித் தலைவிகளையும் கூப்பிட்டு, மடக்கும்போது யாரும் யார் கையையும் முறுக்கி இழுக்கக் கூடாது என்று பொதுவாகச் சொன்னேன். அது எல்லாருக்கும் உள்ள விதிதான். விசில் அடித்தேன். ஒரு பிள்ளையால் ஆட முடியுமா என்ற கேள்வி வந்தால், டாக்டர் சொன்னதையும் டீச்சர் சொன்னதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள். அநேகம் பேர் இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடுகிறோம்.

செல்வியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெனிட்டாவுக்கு அடுத்தபடி நின்று அவள் கையைப் பிடிக்கிறவள். மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவரின் மகள். எங்கள் மைதானத்தில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். கயிற்றுக்கு வெளியே கால் போனால், "கயித்தத்தான் காத்து தள்ளிட்டு சார், நான் நின்ன இடத்துலதான் நிக்கேன்" என்பாள். போன வருஷம் கள்ளாட்டத்துக்காக நானே அவளை வெளியே அனுப்பியிருக்கிறேன். போகும்போது கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆட்டம் நல்ல ஆட்டம். எதிரணியில் உமா என்று ஒரு பிள்ளை. பாம்பு மாதிரி வளைந்து வருவாள். உள்ளங்கை வேர்க்கிறது என்று முகப்பவுடரைக் கை நிறையத் தட்டிக்கொண்டு வருவாள். அவள் ரெய்டு வந்தால் கல்யாண வீட்டு வாசனை அடிக்கும்.

பெனிட்டா ஆடியதைப் பார்த்தவர்கள் அவள் கையை மறந்துபோனார்கள். கணுக்காலுக்குக் குனிவாள். வலது கை ஒன்றே போதும். பிடித்தால் பிடித்ததுதான். முதல் பாதியிலேயே உமாவை ஒரு தடவை மண்ணில் உட்கார வைத்தாள். எதிர்ப்பக்கக் கூட்டத்திலிருந்து ஒருத்தன், "ஒத்தக் கைகாரிட்ட போய் மாட்டுதியே" என்றான். பெனிட்டா திரும்பி, "ரெண்டு கை உள்ளவன் நீ வாயேன் பாப்போம்" என்றாள். அவனைப் பக்கத்தில் இருந்தவர்களே வள்ளத்திலிருந்து தள்ளிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில்தான் வந்தது வினை.

கார்னரில் நிற்கிறவள் உள்பக்கமாகத் திரும்பி நிற்பாள் அல்லவா, அதனால் பெனிட்டாவின் இடது தோள்தான் ரெய்டு வருகிறவளுக்கு முன்னால் நிற்கும். உமா வந்தாள், வளைந்தாள், விரல்நுனியால் அந்தத் தோளை ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்பினாள். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெனிட்டா கை தூக்கவில்லை.

விசில் அடித்து அருகில் போனேன். "பட்டுச்சா?"

"இல்ல சார். படல."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் உமாவுக்குப் புள்ளி கொடுத்து, பெனிட்டாவுக்கு முதல் எச்சரிக்கை சொன்னேன். அவள் கயிற்றுக்கு வெளியே போனாள். செல்வி எனக்கு ஒரு விசாரணை நடத்தப் பார்த்தாள். "நீங்க நின்ன இடத்துல இருந்து வெயில் அடிக்கும்லா சார்." போளா என்றேன்.

அவர்கள் பக்கம் ஒருத்தி அவுட்டானதும் பெனிட்டா மறுபடி உள்ளே வந்தாள். உமா மறுபடி ரெய்டு வந்தாள். அதே கார்னர், அதே தோள். மறுபடி பெனிட்டா கை தூக்கவில்லை. இந்தத் தடவை நான் கேட்பதற்குள் எதிரணி மேனேஜர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். பேருந்து நிலையம் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. நல்ல மனுஷன்தான். தன் பிள்ளைகள் ஆட்டம் என்றால் மட்டும் ரத்தம் தலைக்கு ஏறிவிடும்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? அந்தப் பிள்ள தோளப் பாருங்க."

எல்லாரும் பார்த்தோம். நீல ஜெர்சியின் இடது தோளில் வெள்ளை வெளேரென்று நான்கு விரல் பவுடர்த் தடம். அச்சடித்த மாதிரி.

கூட்டம் ஓ என்றது. "கள்ளாட்டம், கள்ளாட்டம்" என்று வள்ளங்களின் மேலிருந்து தாளம் போட ஆரம்பித்தார்கள். ஒரு பையன் தன் போனில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று ஓடிவந்தான். வாங்கிப் பார்த்தால் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாமாவின் முதுகுதான் பதிவாகியிருந்தது.

"ரெண்டாம் தடவ," என்றார் மேனேஜர். "உங்க ஊரு பழக்கம்தான? வெளிய அனுப்புங்க."

அவர் சொன்னது சரிதான். புள்ளியும் உமாவுக்குத்தான். நான் கயிற்றுக்கு வெளியே கையை நீட்டியிருந்தால் ஒருத்தரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் நான் பெனிட்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறைத்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் நடுவரைப் பார்ப்பார்கள். பிறகு அவரவர் அம்மாவைத் தேடுவார்கள். செல்வி மாதிரி ஆட்கள் கூட்டத்தைப் பார்ப்பார்கள். பெனிட்டா யாரையும் பார்க்கவில்லை. தன் தோளைப் பார்த்தாள். யாரோ தன் பையில் தெரியாமல் எதையோ வைத்துவிட்டதைக் கண்ட மாதிரி, அந்தப் பவுடர்த் தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தண்ணி டைம்," என்று விசில் அடித்தேன். தண்ணீர் குடிக்கிற நேரம் அது இல்லை. ஆனாலும் அடித்தேன். அவசரமாக முடிவு சொல்லச் சொல்லி எல்லாரும் கத்தும்போது, நடுவருக்கு உள்ள ஒரே சொத்து தண்ணீர்க் குடம்தான். மறந்துவிடாதீர்கள்.

டீச்சரையும் பெனிட்டாவையும் செல்வியையும் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வரச்சொன்னேன்.

"பெனிட்டா, கண்ண மூடிக்க. செல்வி உன் தோளத் தொடுவா. பட்ட உடனே சொல்லு."

அவள் கண்ணை மூடினாள். செல்வி விரலை நீட்டி அந்தத் தோளில் மெல்ல வைத்தாள். பெனிட்டா சும்மா நின்றாள். செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் ஒரு பூனை வரைய ஆரம்பித்தாள்.

"ஏளா, சீக்கிரம் தொடேன்," என்றாள் பெனிட்டா. "தண்ணி டைம் முடியப் போவுது."

செல்வி பூனைக்கு மீசை போடாமலே விரலை எடுத்துவிட்டாள். அவளுக்குப் பேச்சு நின்றுபோனதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பெனிட்டா கண்ணைத் திறந்தாள். எங்கள் மூன்று முகத்தையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "அழுத்துனா தெரியும் சார். பை மாட்டுனா தெரியும். லேசாப் பட்டாத்தான் தெரியாது," என்று வேகமாகச் சொன்னாள். "அம்மாட்ட மட்டும் சொல்லாதிய. தெரிஞ்சா ஆட விட மாட்டா."

"அப்ப கள்ளாட்டம்னு சொல்லி வெளிய அனுப்பட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "அனுப்புங்க. அது இந்த ஒரு ஆட்டத்துக்குத்தான?"

ஆடாமல் உட்காருவதைவிடத் திருட்டுப் பட்டம் மேல் என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நான் விசில் பிடிக்கிறவன் மட்டும்தான் என்றால் அவள் சொன்னபடியே செய்துவிட்டுப் போயிருப்பேன். நானும் ஒரு தகப்பன். பிள்ளையின் உடம்பில் உள்ள விஷயத்தைப் பெற்றவளுக்குத் தெரியாமல் நான் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

"அம்மாவக் கூப்பிடுங்க டீச்சர்," என்றேன். பெனிட்டா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நல்ல பார்வை இல்லை.

அவள் அம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். கணவன் கப்பலில் வேலைக்குப் போயிருக்க, இரண்டு பிள்ளைகளை வைத்து ஆள்கிற பெண். டீச்சர் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். நான் நேராகவே சொல்லிவிட்டேன்: இடது தோளில் லேசாகத் தொட்டால் இவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா, தெரியாது," என்றாள் அவள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? கைப்பிள்ளையா இருக்கும்போது இந்தத் தோள்ல கொசு உக்காந்தா கத்துவா. அந்தத் தோள்ல உக்காந்தா அது வயிறு நெறையக் குடிச்சிட்டுப் போவும், இவ பாட்டுக்குச் சிரிச்சிக்கிட்டுக் கிடப்பா. டாக்டரும் சொல்லியிருக்காரு. ஆடுனா ஆடட்டும், ஆனா அந்தப் பக்கம் காயம் பட்டாலும் சுடுதண்ணி பட்டாலும் இவளுக்கு உடனே தெரியாது, நீங்க பாத்துக்கிடணும்னு. ஆட்டம் முடிஞ்சி வந்தா தெனமும் நான்தான தோளப் பாக்கேன்? சட்ட கிழிஞ்சிருக்கான்னா பாக்கேன்னு நெனச்சா?"

பெனிட்டா வாயைப் பிளந்துவிட்டாள். "பின்ன ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ வருத்தப்படுவன்னு சொல்லல. நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ வருத்தப்படுவன்னு."

"போ, வெளங்கிட்டு."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். செல்வி, "ரெண்டு பேரும் வீட்டுல போய்ப் பேசுங்க, அங்கன நம்மள கள்ளின்னு கத்திக்கிட்டு இருக்காங்க" என்றாள். பேச்சு திரும்பி வந்துவிட்டது.

பிள்ளைகளே, நான் சொல்ல நினைத்தது இதுதான். ஒரு பிள்ளை சொல்வது தப்பாக இருக்கலாம். உங்கள் கண்ணே அதற்குச் சாட்சியாக இருக்கலாம். ஆனால் அது பொய்யா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்ததும் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு குடம் தண்ணீர் தீர்கிற வரையாவது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதோடு என் தொல்லை தீரவில்லை. பெனிட்டா மறைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை மேனேஜருக்கும் கூட்டத்துக்கும் எப்படிச் சொல்வது? மைக் பிடித்திருந்த பையன் அதற்குள் மோப்பம் பிடித்து, "அன்பான ரசிகப் பெருமக்களே, தற்போது கிடைத்த தகவல்" என்று ஆரம்பித்துவிட்டான். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். ஒரு பிள்ளையின் தோளில் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பதை ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

"நானே சொல்லுதேன்," என்றாள் பெனிட்டா.

நேராக எதிரணி நின்ற இடத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். உமாவின் முன்னால் நின்று, "இந்தத் தோள்ல லேசாத் தொட்டா எனக்குத் தெரியாது. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். நீ தொட்டதே உன் பவுடரப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சது. இனிமே அந்தப் பக்கம் பட்டா எனக்காவ செல்வி கையத் தூக்குவா" என்றாள்.

உமா அந்தத் தோளைப் பார்த்தாள். "கிள்ளுனா?"

"கிள்ளுனா தெரியும்."

"சரி, கிள்ள மாட்டேன்."

அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. மேனேஜர்தான் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளைமேல் அவருக்கு இப்போது கோபம் இல்லை. "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். அவருடைய சங்கடம் வேறு.

"சாட்சிக்கு ஆள் வேணும்தான். அதுக்கு அந்த வக்கீல்தானா கெடச்சா? போன வருஷம் கள்ளாட்டம்னு நீங்களே வெளிய அனுப்புன பிள்ள."

கூட்டம் சிரித்தது. அவர் சொன்னது உண்மை. வேறு ஒரு பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தலாமா என்று டீச்சரைப் பார்த்தேன். பெனிட்டா விடவில்லை. "செல்விதான் என் கையப் பிடிப்பா. வேற ஆளு பிடிச்சா எனக்குப் பிடி வராது." என் பக்கத்து நடுவர், "என்னமோ பண்ணும்" என்று மணலைப் பார்த்தார்.

கடைசியில் உமாதான், "செல்வியே சொல்லட்டும் மாமா, தொட்டா எனக்கும் தெரியும்லா" என்று மேனேஜரை இழுத்துக்கொண்டு போனாள்.

நான் செல்வியிடம், "சம்மதமா?" என்று கேட்டேன். கேலியாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

"ஒரு கையத் தூக்குனா நான் அவுட்டுன்னு நெனச்சிருவிய. எனக்குன்னா ஒரு கை. இவளுக்குன்னா ரெண்டு கையும் தூக்குதேன். சரியா?"

சரி என்றேன். இரண்டு அணிக்கும் அதைச் சொன்னேன். இது கள்ளாட்டம் இல்லை, புள்ளி உமாவுக்கு, பெனிட்டா வெளியே போய் முறைப்படி திரும்பி வரலாம் என்று தீர்ப்புச் சொல்லி விசில் அடித்தேன். ஒன்றிரண்டு பேர் ஊளையிட்டார்கள். அதெல்லாம் நம் தொழிலில் சம்பளத்தோடு சேர்ந்தது.

அதன்பிறகு ஒரு தடவை உமாவின் விரல் அந்தத் தோளில் பட்டது. செல்வி இரண்டு கையையும் தூக்கினாள். நானும் பார்த்திருந்தேன், உமாவும் சொன்னாள். அதனால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பெனிட்டா வெளியே போனாள், திரும்பி வந்தாள், இன்னொருத்தியைக் கணுக்காலில் பிடித்துப் போட்டாள். புள்ளிகள் ஏறி ஏறி இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றன.

கடைசி ரெய்டு. உமாதான் வந்தாள். அவள் வெறுங்கையோடு திரும்பினால் ஆட்டம் சமம், பிறகு கூடுதல் ரெய்டுகள். ஒருத்தியைத் தொட்டுவிட்டால் கோப்பை அவர்களுக்கு. பிடிபட்டால் எங்களுக்கு. வள்ளங்களின் மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தரும் இப்போது உட்கார்ந்திருக்கவில்லை.

உமா இடது கார்னரைப் பார்த்து வந்தாள். பெனிட்டா குனிந்தாள். செல்வி அவள் வலது கையை இறுக்கிப் பிடித்தபடி முன்னால் வந்தாள். உமா எட்டிக் கையை வீசினாள். எட்டவில்லை. பிடி விழப் போகிறது என்று தெரிந்ததும் உடம்பை முறுக்கித் திரும்பி, சங்கிலிக்கு அகப்படாமல் துள்ளி, நடுக்கோட்டைத் தாண்டி மணலில் விழுந்தாள். அந்தத் திருப்பத்தில் அவள் முதுகு எனக்கு நேராக வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பக்கத்து நடுவரைப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினார். உமா எழுந்து உட்கார்ந்து, யாரையும் தொடவில்லை என்பதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வேர்வையில் பவுடரும் எப்போதோ கரைந்து போயிருந்தது.

நேரம் முடிந்தது. ஆட்டம் சமம் என்று அறிவிக்க விசிலை வாயில் வைத்தேன்.

செல்வி இரண்டு கையையும் தூக்கினாள்.

அவள் எதற்காவது கும்பிடு போடுகிறாள் என்றுதான் எங்கள் பக்கக் கூட்டத்தில் நிறையப் பேர் நினைத்திருப்பார்கள். நான் அருகில் போனேன்.

"என்ன?"

"உமா திரும்பும்போது முழங்கை இவ தோள்ல லேசாப் பட்டுட்டு சார்."

"எனக்குத் தெரியலயே," என்றாள் உமா.

"உனக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவள் கை இரண்டும் இன்னும் மேலேதான் இருந்தன. நான் மறுபடி கேட்கவில்லை. எதிரணிப் பக்கம் கையைக் காட்டிப் புள்ளியைக் கொடுத்தேன். கோப்பை திருச்செந்தூர்ப் பக்கம் போனது. மேனேஜர் சந்தோஷப்பட மறந்து நின்றார். பிறகு நேராக வந்து, செல்வியின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

நான் விசிலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் இருவரும் என்னைத் தாண்டி நடந்தார்கள். பெனிட்டா வலது கையால் செல்வியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏளா, சண்டாளி. பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்லா?"

செல்வி முதுகைத் தடவிக்கொண்டாள்.

"என் தோளா இருந்தா இருந்திருப்பேன்," என்றாள்.